அப்பா பார்த்த வேர்

ஆகஸ்ட் கடைசிக் கிழமை வந்தால் மொன்றியல் பெற்றோருக்கு இரண்டு வேலை. ஒன்று, பள்ளிக்கூடச் சாமான் லிஸ்டோடு கடை கடையாக ஏறி இறங்குவது. மற்றது, வீட்டு முன்புல் ஏன் இப்படி வைக்கோல் மாதிரிக் கிடக்கிறது என்று தலையைச் சொறிவது. லிஸ்டைப் பற்றிப் போன வருசமே எழுதிவிட்டேன். இந்த மாதம் புல்.

நான் பொறுப்பில்லாதவன் இல்லை. கைபேசியிலிருந்து இயக்கும் தண்ணீர்த் தெளிப்பான் ஒன்றை ஜூன் மாதமே வாங்கிப் பூட்டியிருந்தேன். ஒவ்வொரு நாளும் இரவு ஒன்பது மணிக்குப் பத்து நிமிடம். மென்பொருள் எழுதுபவனுக்கு இதைவிட என்ன பெருமை வேண்டும்? ஆனால் ஆகஸ்ட் நடுப்பகுதியில் திட்டுத் திட்டாகக் காயத் தொடங்கியது. பிறகு ஒரு இரவு ஸ்கங் ஒன்று வந்து, யாரோ மண்வெட்டியால் கொத்தினதுபோல மூலையைக் கிளறிவிட்டுப் போனது.

சனிக்கிழமை அப்பாவும் அம்மாவும் வந்தார்கள். அப்பா காரைவிட்டு இறங்கியதும் வீட்டுக்குள் வரவில்லை. முழங்காலில் இருந்து, காய்ந்த இடத்தில் ஒரு பிடி புல்லைப் பிடித்து இழுத்தார். அது பாய் சுருட்டுகிற மாதிரிக் கையோடு வந்தது. கீழே வெள்ளைப் புழுக்கள், ஒவ்வொன்றும் அரைவட்டமாகச் சுருண்டு கிடந்தன. ஒன்பது வயது மகள் முதலில் கத்தினாள். பிறகு எண்ணத் தொடங்கினாள். ஒரு சதுர அடிக்குள் பதினாலு.

"காஞ்ச புல்லெல்லாம் செத்த புல்லில்லை," என்றார் அப்பா. "இழுத்துப் பார். வராட்டி அது நித்திரை. மழை பெய்ய எழும்பும். இப்பிடிக் கழண்டு வந்தா வேர் இல்லை. நீ தண்ணி விட்டிருக்கிறாய். வேருக்கு விடேல்லை."

"அப்பப்பா, உங்களுக்கு எப்பிடித் தெரியும்?" என்று கேட்டாள் மகள்.

"இருபத்திரண்டு வருசம் வேர் பாத்தனான் பிள்ளை."

அவள் வேர் என்றுதான் நினைத்தாள். அவர் சொன்னது வேறு. கோல்ஃப் மைதானத்தில் குழியும் கொடியும் இருக்கும் அந்த வழவழப்பான புல்வட்டத்தை ஆங்கிலத்தில் கிரீன் என்பார்கள். இங்கே கியூபெக்கில் பிரெஞ்சில் அதன் பெயர் "வேர்". பச்சை என்று அர்த்தம். அப்பாவுக்குப் பிரெஞ்சு அவ்வளவு வராது. ஆனால் இந்தச் சொல் மட்டும் ஒரு நாளும் பிசகினதில்லை.

என் அப்பா 1996 முதல் 2018 வரை மேற்குத் தீவுப் பக்கம் ஒரு கோல்ஃப் கிளப்பில் புல் பராமரித்தவர். பனி உருகினதிலிருந்து மறுபடி பனி விழும்வரை அந்த வேலை. குளிர்காலத்தில் ஓர் உணவகத்தின் பின்பக்கம். அந்த நாட்களில் நாங்கள் இருந்தது கோட்-டே-நேஜில் மூன்றாம் மாடியில். மண் என்று இருந்தது அம்மாவின் கறிவேப்பிலைச் சாடியில் மட்டும்தான். ஊரில் செம்பாட்டு மண்ணில் வெங்காயம் போட்ட குடும்பம். "மாடும் தின்னாத புல்லுக்கு இவ்வளவு பாடா?" என்று அப்பாவே சிரிப்பார்.

பாடு என்றால் பாடுதான். காலை ஐந்து மணிக்குத் தொடங்கும். அந்த வட்டத்துப் புல்லைக் கிட்டத்தட்ட 3 மில்லிமீட்டர் உயரத்துக்கு, பெரும்பாலும் ஒவ்வொரு நாளும், வெட்ட வேண்டும். இரண்டு குவாட்டர் காசை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பாருங்கள். அவ்வளவுதான் உயரம். இங்கே வளர்வது குளிர்நாட்டுப் புல். வெயில் ஏற ஏற அதன் வேர் மேல்நோக்கிக் குறுகும். ஜூனில் ஆழமாக இருந்த வேர், ஆகஸ்டில் ஓரிரு அங்குலம்தான் மிஞ்சும். அதனால் கோடை முடிவுதான் மிக ஆபத்தான காலம். மேலே பச்சையாக இருக்கும், கீழே ஒன்றும் இராது. கடும் வெக்கை நாளில் மத்தியானம் குழாயைப் பிடித்துக்கொண்டு இலேசாகத் தண்ணீர் தூவ வேண்டும். அது குடிக்க இல்லை, உடம்பைக் குளிரவைக்க. காய்ச்சல்காரப் பிள்ளைக்கு நெற்றியில் ஈரத்துணி போடுவதுபோல. ஆகஸ்ட் கடைசியில் இரவு குளிரத் தொடங்கும், பனித்துளி கூடும். அந்த ஈரம் இலையில் நின்றால் காசளவு வெள்ளைப் புள்ளிகளாகப் பூஞ்சணம் பிடிக்கும். அதனால் விடியவே நீளக் குழாயை இழுத்துத் துளியைத் தட்டிவிட வேண்டும்.

மருந்தும் அடித்தார்கள். தொண்ணூறுகளில் அப்பாவின் வேலை உடுப்பை அம்மா தனியாகத்தான் தோய்ப்பார். ஏன் என்று எனக்கு அப்போது தெரியாது. நம் தீவுக்குச் சற்று மேற்கே உள்ள ஹட்சன் என்ற சிறிய ஊர் 1991-இல் அழகுக்காகப் பூச்சிமருந்து அடிப்பதைக் கட்டுப்படுத்திச் சட்டம் போட்டது. புல்வெளிக் கம்பனிகள் வழக்குப் போட்டன. அது கனடா உச்ச நீதிமன்றம் வரை போய் 2001-இல் ஊர் வென்றது. 2003-இல் கியூபெக் முழுவதற்குமே வீட்டுப் புல்லுக்கான மருந்துகள் பலதைத் தடுக்கும் விதிகள் வந்தன. கோல்ஃப் மைதானங்களுக்கு முழுத் தடை இல்லை. ஆனால் மூன்று வருசத்துக்கு ஒருமுறை மருந்தைக் குறைக்கும் திட்டம் கொடுக்க வேண்டும். நம் பிள்ளைகள் இன்று வீட்டுப் புல்லில் வெறுங்காலோடு ஓடுவதற்குப் பின்னால் இத்தனை கதை இருக்கிறது.

2018 ஜூலைத் தொடக்கத்தில் வந்த வெக்கையை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். மொன்றியலில் மட்டும் 66 பேர் அதில் இறந்ததாகப் பொதுச் சுகாதாரத் துறை பிறகு சொன்னது. அந்தக் கிழமை ஒரு மத்தியானம், பதினாலாவது வட்டத்தில் புல்லுக்குத் தண்ணீர் தூவிக்கொண்டிருந்த அப்பா அப்படியே விழுந்துவிட்டார். புல்லின் சூட்டைப் பார்க்க ஆள் இருந்தது. குழாய் பிடித்தவரின் சூட்டைப் பார்க்க ஒருவரும் இல்லை. நல்லவேளை, கூட வேலைசெய்த ஹெய்ட்டிக்காரர் அதே குழாயை அப்பாவின் தலையில் பிடித்தார். அந்த இலையுதிர்காலத்தோடு அப்பா வேலையை விட்டார்.

இப்போது நான் சொல்ல வந்த விசயம்.

அந்தச் சனிக்கிழமைக்கு இரண்டு நாள் முந்தி எங்கள் அலுவலகத்தின் வருடாந்தக் கோல்ஃப் நாள். இடம், அப்பா வேலைசெய்த அதே கிளப். அழைப்பு மின்னஞ்சலில் பெயரைப் பார்த்தபோதே நெஞ்சு ஒருமாதிரி இருந்தது. வீட்டில் சொல்லவில்லை. போனேன். எனக்குக் கோல்ஃப் தெரியாது. நாலு மணித்தியாலமும் நான் பார்த்தது புல்லைத்தான்.

மூன்றாவது வட்டத்துக்குப் போனால், அது முழுக்கச் சின்னச் சின்ன ஓட்டைகள், மேலே மணல். என் மேலாளர் பந்தை உருட்டினார், அது துள்ளித் துள்ளி எங்கேயோ போனது. "நல்ல மைதானத்தை நாசமாக்கி வைத்திருக்கிறார்கள். இவங்களுக்கு வேலை தெரியாது," என்றார். எல்லோரும் சிரித்தார்கள்.

எனக்குக் காரணம் தெரியும். கோடை முழுக்க ஆட்களின் காலடியில் இறுகிப்போன மண்ணுக்கு மூச்சு விட இடம் வேண்டும். அதற்காக விரல் மொத்தத்தில் மண்ணைக் குத்தி எடுத்து, அந்த ஓட்டையை மணலால் நிரப்புவார்கள். ஆகஸ்ட் கடைசியில் செய்தால்தான் குளிருக்கு முதல் வேர் அதற்குள்ளே இறங்கும். இரண்டு மூன்று கிழமைக்கு வடிவில்லாமல்தான் இருக்கும். செய்யாமல் விட்டால் அடுத்த வருசம் புல்லே இராது. வருசா வருசம் இந்தக் காலத்தில் அப்பா கைவிரலெல்லாம் மணலோடு வீட்டுக்கு வருவார்.

இதை நான் அங்கே சொல்லியிருக்கலாம். "என் அப்பா இந்தப் புல்லை இருபத்திரண்டு வருசம் பார்த்தவர்" என்று ஒரு வசனம். வாய் வரவில்லை. நானும் சிரித்தேன். வெட்கமா என்று நீங்கள் கேட்டால், இல்லை என்று சொல்லத்தான் ஆசை. அலுவலகத்தில் யாராவது கேட்டால் "அப்பா ஓய்வுபெற்றவர்" என்பதோடு நிறுத்திவிடுகிற ஆள் நான். அவர் சம்பளத்தில்தான் கொன்கோர்டியாவில் படித்தேன் என்பதைச் சொல்வதில்லை.

சனிக்கிழமை இரவு சாப்பிட்டு முடிந்ததும் அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன், சிரித்ததையும் சேர்த்து. கோபிப்பார் என்று நினைத்தேன்.

"மணல் காஞ்சிருந்ததோ?" என்று கேட்டார்.

"ஓம்."

"ஓட்டை நிரம்பியிருந்ததோ, பாதியோ?"

"நிரம்பியிருந்தது அப்பா."

"அப்ப நல்லாத்தான் செய்யிறாங்கள்," என்றுவிட்டுத் தேத்தண்ணியைக் குடித்தார். சிரித்ததைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும்.

2024 செப்டம்பரில் இல் பிசாரில் உள்ள ரோயல் மொன்றியல் கிளப்பில் பிரசிடென்ட்ஸ் கோப்பை நடந்தது. 1873-இல் தொடங்கிய கிளப், வட அமெரிக்காவிலேயே மிகப் பழையது. அப்பா நாலு நாளும் தொலைக்காட்சியை விட்டு எழும்பவில்லை. யார் வென்றது என்று கேட்டால் தெரியாது என்றார். ஆனால் எந்த வட்டத்தின் ஓரம் வெளிறியிருந்தது என்று சொன்னார். அன்றைக்கு அதைப் பகிடியாக எடுத்தேன். ஒரு மனிதர் தன் தொழிலைப் பார்த்துக்கொண்டிருந்தார் என்பது இப்போதுதான் புரிகிறது.

சரி, உங்கள் புல்லுக்கு அப்பா சொன்னது: ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் விட்டால் வேர் மேலேயே நிற்கும். ஜூலையில் ஈரமான புல்லைத் தேடித்தான் வண்டும் முட்டையிடும். கிழமைக்கு ஒருமுறை, விடிய, ஒரு அங்குலம் போதும். வெறும் ரின்மீன் பேணியைப் புல்லில் வைத்து அளக்கலாம். உங்கள் நகரசபையின் தண்ணீர் விதியையும் ஒருக்கால் பாருங்கள். புல்லை மூன்று அங்குலத்துக்குக் கீழே வெட்ட வேண்டாம். நாங்கள் வைத்திருப்பது கோல்ஃப் மைதானம் இல்லை. புழு இருந்தால், ஆகஸ்ட் நடுவிலிருந்து செப்டம்பர் நடுவரை நெமட்டோட் என்ற கண்ணுக்குத் தெரியாத நுண்புழுக்களை விடலாம். ஹெட்டரோராப்டிடிஸ் வகை என்று கேட்டு வாங்குங்கள். உயிருள்ளவை, குளிர்ப்பெட்டியில் வைத்து, வெயில் இறங்கின பிறகு ஈர மண்ணில் ஊற்ற வேண்டும். கழன்ற இடத்துக்கு இப்போதே புது விதை.

ஞாயிறு மாலை நாங்கள் மூன்று பேரும் ஊற்றினோம். அப்பா கதிரையில் இருந்து சொல்ல, மகள் பூவாளியோடு நடந்தாள். பள்ளிக்கூடம் தொடங்கினதும் வகுப்பில் "என் குடும்பம்" பற்றிப் பேச வேண்டுமாம். அப்பப்பாவின் வேலையைச் சொல்லட்டுமா என்று கேட்டாள். அப்பா என்னைப் பார்த்தார். அவள் முடிவுக்காக அல்ல, என் முகத்துக்காக.

"சொல்லு," என்றேன். "வேர் எண்டா ரெண்டு மொழியிலும் என்ன எண்டும் சொல்லு."

திங்கள் என் மேலாளருக்கு நானும் ஒரு விசயம் சொல்ல இருக்கிறது. அடுத்த திங்கள் தொழிலாளர் தினம். உங்கள் அப்பா அம்மா இந்த நாட்டுக்கு வந்த புதிதில் என்ன வேலை செய்தார்கள் என்று, பிள்ளைகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, ஒருக்கால் கேளுங்கள்.