பூட்டு திருடனுக்கா, நமக்கா?

போன சம்பா பட்டத்துல, தூயமல்லி வயலுக்கு மடை திருப்பக் குனிஞ்சப்போ சட்டைப் பையில இருந்த போன் வாய்க்கால்ல விழுந்துடுச்சு. எடுத்துத் துடைச்சு ரெண்டு நாள் காயவச்சேன். ஆன் பண்ணினா கம்பெனி பேரு வரும். அதோட நின்னுடும்.

நான் பயிர் வைக்கிறது வல்லம் வடகால் பக்கத்துல. சிப்காட் வந்த பிறகு மிஞ்சின நிலங்கள்ல என்னோடதும் ஒண்ணு. எங்க ஸ்ரீபெரும்புதூர் - ஒரகடம் வட்டாரத்துல செய்யற போன் உலகம் முழுக்கப் போகுது. 2024 ஆகஸ்ட்ல, பாக்ஸ்கான் பெண் தொழிலாளர்கள் 18,720 பேர் தங்குற விடுதிய வல்லம் வடகால்லதான் முதலமைச்சர் திறந்து வச்சார். போனே பிறக்கிற ஊராச்சே, ஒரு போனைச் சரிபண்ண முடியாதான்னு நம்பிக்கையோட ரிப்பேர் கடைக்குப் போனேன்.

கடைத் தம்பி வேலை தெரிஞ்சவர். பிரிச்சு, சுத்தம் பண்ணி, சார்ஜ் ஏத்துற பாகத்தை மாத்தினார். அப்பவும் வரல. "ரீசெட் அடிச்சாத்தான் வரும்ணே. உள்ள இருக்கறதெல்லாம் அழிஞ்சிடும், பரவாயில்லையா?"ன்னார். சரின்னேன். போனுக்கு உயிர் வந்துச்சு. ஆனா, முன்னாடி இருந்த கூகுள் கணக்கைப் போட்டாத்தான் உள்ள விடுவேன்னு அடம் பிடிச்சுது.

அந்தக் கணக்கை நான் ஆரம்பிக்கல. போன் வாங்கின கடையில இருந்த பையன் ரெண்டே நிமிஷத்துல ஆரம்பிச்சுக் கொடுத்தது. பாஸ்வேர்டு என்னன்னு அவரும் சொல்லல, நானும் கேக்கல. அதுல கொடுத்திருந்த நம்பரும் ரீசார்ஜ் பண்ணாம விட்டுப் போன பழைய நம்பர். "உங்க போன்தான்னு எனக்குத் தெரியுதுண்ணே. போனுக்குத் தெரியலையே!"ன்னார் தம்பி.

பில் கொண்டுவந்தா பார்க்கலாம்னு சர்வீஸ் சென்டர்ல சொன்னாங்க. பீரோவுல இருந்து பில்லை எடுத்தேன். வெள்ளைத் தாளா இருந்துச்சு. அந்த மாதிரி பில்லுல எழுத்து நாளாவட்டத்துல மங்கிப்போயிடும்.

போனா போகட்டும்னு விட முடியல. மூணு வருஷமா என்கிட்ட நேரடியா அரிசி வாங்கறவங்க நம்பர் எல்லாம் அந்தக் கணக்குலதான் இருந்துச்சு. பி.ஜி.எஸ். சான்றிதழுக்காக விதைச்ச தேதி, பஞ்சகவ்யா தெளிச்ச தேதின்னு எடுத்து வச்ச போட்டோவும் போச்சு. அறுவடை முடிஞ்சும் யாருக்குச் சொல்றதுன்னு தெரியாம, பாதி நெல்லை வியாபாரிக்கே போட்டேன்.

இந்தப் பூட்டே வேணாம்னு நான் சொல்ல வரல. திருடின போனை அழிச்சுட்டுப் புதுசு மாதிரி விக்கக் கூடாதுன்னுதான் ஆப்பிள் 2013லயும், ஆண்ட்ராய்டு 2015லயும் இதைக் கொண்டுவந்தாங்க. நல்ல விஷயம்தான். ஆனா, பூட்டு மேல பூட்டா ஏறிக்கிட்டே போகுது. ஐபோனை ரிப்பேருக்குக் கொடுக்கணும்னா அதைத் தேடிக் கண்டுபிடிக்கிற வசதியை அணைக்கச் சொல்வாங்க. 2024 ஜனவரியில வந்த திருட்டுப் பாதுகாப்பை ஆன் பண்ணியிருந்தா, வீடு மாதிரி வழக்கமான இடத்தை விட்டு வெளியில இருக்கும்போது அதை அணைக்க ஒரு மணி நேரம் காத்திருக்கணும். கடை வாசல்ல நிக்கிறவர் பாடு திண்டாட்டம். இதனாலதான் அணைக்காமலே ரிப்பேருக்குக் கொடுக்க ஒரு வழியை அதே வருஷம் அவங்களே கொண்டுவந்தாங்க. ஆக, மனசு வச்சா வழி இருக்கு.

அதே வருஷம் பூட்டு உதிரி பாகத்துக்கும் வந்துடுச்சு. பூட்டு போட்ட ஐபோன்ல இருந்து கழட்டின பேட்டரியையோ திரையையோ இன்னொண்ணுல போட்டா, அது முழுசா வேலை செய்ய பழைய சொந்தக்காரரோட பாஸ்வேர்டு வேணும். திருட்டு பாகம் விக்கிறவனுக்கு இது அடிதான். ஆனா, செத்துப்போன போன்ல இருந்து நல்ல பாகத்தை எடுத்து இன்னொண்ணைப் பிழைக்க வைக்கிற சின்னக் கடைக்காரருக்கும் அதே அடிதான்.

உழவர்களுக்கு இது பழகின கதை. காசு கொடுத்து வாங்கின விதையை மறுபடி விதைக்கிற உரிமை யாருக்குன்னு நாம சண்டை போட்டிருக்கோம். 2001ல வந்த பயிர் ரகப் பாதுகாப்பு, உழவர் உரிமைச் சட்டத்தோட 39ஆம் பிரிவு, விதையை எடுத்து வைக்க, விதைக்க, பகிர்ந்துக்க நமக்கு உரிமை தந்திருக்கு. வாங்கின கருவியைச் சரிபண்ணிக்கிற உரிமைக்கும் அப்படி ஒரு சட்டம் வேணும். ஒன்றிய அரசு 2022 ஜூலையில இதுக்கு ஒரு குழு போட்டுச்சு. அது எடுத்த நாலு துறையில முதல் துறையே வேளாண் கருவிகள்தான். செல்போனும் அதுல உண்டு. அந்த டிசம்பர்லயே இணையதளமும் திறந்தாங்க. கம்பெனிகளைக் கட்டுப்படுத்தற சட்டமா அது மாறணும். அமெரிக்காவுல கொலராடோ மாநிலம் 2023ல டிராக்டர் மாதிரி பண்ணைக் கருவிகளுக்கே இப்படிச் சட்டம் போட்டிருக்கு. இன்னைக்குப் போனுக்கு வந்த பூட்டு, நாளைக்கு நம்ம பவர் டில்லருக்கும் வரும்.

நான் கேக்கறது ரெண்டுதான். உரிமையாளர்னு ஆதாரத்தோட நிரூபிச்சா, தாலுகா அளவுலயே பூட்டைத் திறந்து கொடுக்க ஏற்பாடு வேணும். சின்ன ரிப்பேர் கடைக்கும் உதிரி பாகமும் வழிமுறையும் கிடைக்கணும்.

அதுவரைக்கும் நாம செய்ய வேண்டியது கொஞ்சம் இருக்கு. கணக்கை உங்க பேர்ல, உங்க கண் முன்னாடி ஆரம்பிங்க. பாஸ்வேர்டை வீட்டுல ஒரு நோட்டுல எழுதி வைங்க. நம்பர் மாறினா கணக்குலயும் மாத்துங்க. பில்லை வாங்கின அன்னைக்கே ஜெராக்ஸ் எடுங்க. *#06# போட்டா வர்ற ஐ.எம்.இ.ஐ. எண்ணையும் குறிச்சு வைங்க. போன் திருடு போனா போலீஸ்ல புகார் கொடுத்துட்டு 'சஞ்சார் சாத்தி' தளத்துல முடக்க அது வேணும். பழைய போன் வாங்கினா, விக்கிறவர் தன் கணக்கை எடுத்த பிறகு காசு கொடுங்க. காசு வாங்கிட்டுப் பூட்டை உடைச்சுத் தர்றேன்னு சொல்றவங்ககிட்ட போகாதீங்க; திருட்டுப் போனும் அவங்ககிட்டதான் போகுது.

நான் இப்போ வாடிக்கையாளர் நம்பரைக் கோடு போட்ட நோட்டுல எழுதி, விதைநெல் மூட்டை பக்கத்துலயே வச்சிருக்கேன். பூட்டு இருக்கட்டும். சாவி நம்ம கையில இருக்கணும்.