வண்டி வாங்குமுன் வாசல்படியைப் பாருங்கள்

மூன்று சக்கரம் நம் வீட்டுக் குழந்தைகளுக்குப் புதிதில்லை. அம்பாசமுத்திரத்து மரச் சொப்போடு நடைவண்டியும் வாங்கி வருவது திருநெல்வேலிச் சீமையில் வெகு நாளைய பழக்கம். முன்னே ஒன்று, பின்னே இரண்டு என்று மூன்று மரச் சக்கரம். குழந்தை எழுந்து நின்று அதைப் பிடித்துத் தள்ளும், வண்டி கடகடவென்று ஓடும், வீடே ரெண்டுபடும்! இப்போது அதே மூன்று சக்கரம் வேறு வேஷம் கட்டிக்கொண்டு வந்திருக்கிறது. குழந்தை ஜம்மென்று உட்கார்ந்திருக்கும். தள்ளுவது நம் வேலை. 'தள்ளுவண்டி' என்று எழுதலாம் என்றால் ஜங்ஷனில் பனங்கிழங்கு விற்கிற வண்டி கண்முன் வந்து நிற்கிறது. ஆகவே எல்லாரும் சொல்கிறபடி ஸ்ட்ரோலர் என்றே வைத்துக்கொள்வோம்.

பாளையங்கோட்டையில் எங்கள் தெருவில் ஒரு மருமகப் பெண். கையில் எட்டு மாதக் குழந்தை. கல்யாணத்துக்கு முன்னால் தினமும் ஓடிப் பழகியவள். பிரசவத்துக்குப் பிறகு வீட்டுக்குள்ளேயே அடைந்து கிடக்கிறோமே என்று அவளுக்கு ஏக்கம். "சித்தி, மடக்கி ஆட்டோவில வைக்கிற மாதிரியும் இருக்கணும், காலையில மைதானத்துல பிள்ளைய வச்சுத் தள்ளிக்கிட்டே ஓடவும் ஆகணும். ரெண்டுக்கும் ஒரே வண்டியா வாங்கிரலாம்லா?" என்று என்னிடம் கேட்டாள். அவள் மாமியாருக்கோ வண்டி என்ற பேச்சே பிடிக்கவில்லை. "நாலு பிள்ளைய ஒக்கல்ல வச்சே வளத்தோம். இதுக்கு ஒரு வண்டியாக்கும்!" என்றார்கள்.

மாமியார் சொன்னதை அப்படியே தள்ளிவிடவும் முடியாது. நம் தெருக்களுக்கு ஒக்கலைப் போல வசதியான வாகனம் எதுவும் கிடையாது. ஆனால் எட்டு கிலோ குழந்தையை இடுப்பில் சுமந்துகொண்டு அரைமணி நேரம் நடக்கிற பெண்ணின் முதுகு வலியையும் யாராவது யோசிக்க வேண்டுமே! வண்டி தேவைதான் என்பது என் கட்சி. கேள்வி, எந்த வண்டி என்பது.

பெண் நினைத்த மாதிரி ஒரே வண்டி இரண்டு வேலைக்கும் ஆகாது, சகோதரிகளே. கடையில் 'காம்பாக்ட்' என்று விற்பது ஒரு ஜாதி. 'ஜாகிங்' என்று விற்பது வேறு ஜாதி. இரண்டிலும் மூன்று சக்கர வண்டி உண்டு. அதனால்தான் குழப்பம்.

சின்ன வண்டியின் கதை 1965-ல் தொடங்குகிறது. ஓவன் மெக்லாரன் என்ற இங்கிலாந்துக்காரர் ஸ்பிட்ஃபயர் போர் விமானத்தின் சக்கரத் தாங்கியை வடிவமைத்தவர். மகளும் பேரப்பிள்ளையும் பெரிய பிராம் வண்டியோடு திண்டாடுவதைப் பார்த்து, அலுமினியக் குழாயில் குடை மாதிரி மடங்கும் வண்டியைச் செய்தார். இன்றைக்கு மடக்கித் தூக்குகிற அத்தனை வண்டிக்கும் அதுதான் பாட்டி. ஓடுவதற்கான வண்டி 1984-ல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தது. ஃபில் பேக்லர் என்பவர் தன் குழந்தையைத் தள்ளிக்கொண்டே ஓட வேண்டும் என்று, பெரிய காற்றடைத்த சக்கரங்களை வைத்து அதை உருவாக்கினார். ஒன்று பஸ்ஸிலும் காரிலும் ஏற்றுவதற்குப் பிறந்தது. மற்றது ஓடுவதற்கே பிறந்தது.

விஷயம் முழுவதும் அந்த முன்சக்கரத்தில்தான் இருக்கிறது. காம்பாக்ட் வண்டியில் முன்சக்கரம் ஐந்து முதல் ஏழு அங்குலம்; எந்தப் பக்கமும் சுழலும். கடைக்குள்ளும் சந்துக்குள்ளும் அழகாகத் திரும்பும். அதையே வேகமாகத் தள்ளிப் பாருங்கள், சக்கரம் இடமும் வலமுமாக வெடவெடவென்று நடுங்கும். சூப்பர் மார்க்கெட்டில் சாமான் வண்டியைத் தள்ளியவர்களுக்கு அந்த நடுக்கம் தெரியும். ஓடுகிற வேகத்தில் ஒரு சரளைக் கல்லில் இடித்தால் சின்னச் சக்கரம் குறுக்கே திரும்பி நின்றுவிடும். நாம் நிற்போமா? பின்னாலிருந்து தள்ளுகிற வேகம் முழுவதும் வண்டியை முன்பக்கமாகக் கவிழ்க்கப் பார்க்கும். ஜாகிங் வண்டியில் சக்கரம் 12 முதல் 16 அங்குலம். முன்சக்கரம் நேராகவே நிற்கும், அல்லது ஓடும்போது பூட்டி வைக்கலாம். குழியும் கல்லும் அதற்கு ஒரு பொருட்டில்லை. ஆனால் கனம் 11 முதல் 14 கிலோ. காம்பாக்ட் 6 முதல் 8 கிலோதான். ஜாகிங் வண்டியைக் குழந்தையோடு மாடிப்படியில் ஏற்றுவது எப்படி என்று மட்டும் என்னைக் கேட்காதீர்கள்!

மூன்று சக்கரம் என்றால் சாயாதா என்று சிலர் பயப்படுகிறார்கள். மேடுபள்ளத்தில் முக்காலி ஆடாது, நாற்காலிதான் ஆடும். மூன்று கல் அடுப்பு ஆடுகிறதா என்ன? மூன்று சக்கரமும் எப்போதும் தரையைத் தொட்டுக்கொண்டிருக்கும். அதன் பலவீனம் வேறு இடத்தில் இருக்கிறது. வேகமாகத் திருப்பும்போதும், ஒரு பக்கப் பின்சக்கரம் மட்டும் திண்டில் ஏறும்போதும் முன் மூலைப் பக்கமாகச் சாயும். ஆகவே திருப்பத்தில் நிதானம் வேண்டும். திண்டில் நேராக ஏற்ற வேண்டும். இன்னொன்று, கைப்பிடியில் காய்கறிப் பை மாட்டுகிற பழக்கம். குழந்தை உட்கார்ந்திருக்கும் வரை தெரியாது. குழந்தையைத் தூக்கிய மறுநிமிஷம் வண்டி பின்னால் மல்லாந்துவிடும். பையை அடியில் உள்ள கூடையில்தான் வைக்க வேண்டும்.

இனி வாங்குகிற சமாச்சாரம். கடைக்குப் போகுமுன் ஒரு டேப்பை எடுத்து உங்கள் கேட்டின் அகலத்தை அளந்துகொள்ளுங்கள். வாசலில் எத்தனை படி, லிஃப்ட் உண்டா, மடக்கினால் வைக்க இடம் எங்கே என்பதெல்லாம் தெரிந்த பிறகுதான் கலரும் குஞ்சமும். டவுன் ரத வீதி மாதிரி நெரிசலில் அகலமான வண்டி நம்மையும் நிற்க வைத்துவிடும், பின்னால் வருகிற சைக்கிளையும் நிற்க வைத்துவிடும்.

கடையில் வெறும் வண்டியைத் தள்ளிப் பார்த்து வாங்காதீர்கள். காலி வண்டி எல்லாமே வழுக்கிக்கொண்டுதான் ஓடும். பத்து கிலோ அரிசிப் பை ஒன்றைக் கையோடு கொண்டு போங்கள். கடைக்காரர் சிரித்தால் சிரித்துவிட்டுப் போகட்டும்! பையை உட்கார வைத்து, ஒரு கையால் தள்ளித் திருப்பிப் பாருங்கள். கடை வாசல் சரிவில் பிரேக்கைப் போட்டு, கையைப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டு நிறுத்திப் பாருங்கள். பிறகு அந்தப் பையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு, மிச்சமிருக்கிற ஒரு கையால் வண்டியை மடக்குங்கள். மடக்க முடியவில்லையா? ஆட்டோக்காரர் ஹாரன் அடிக்கும்போதும் முடியாது. ஆன்லைனில் வாங்குகிறவர்கள் பெட்டி வந்த அன்றைக்கே இதையெல்லாம் செய்துவிடுங்கள். திருப்பி அனுப்புகிற கெடு தாண்டிய பிறகு புலம்பிப் பயனில்லை.

பெல்ட் ஐந்து முனை உள்ளதாக இருக்கட்டும்: தோளுக்கு இரண்டு, இடுப்புக்கு இரண்டு, கால் நடுவில் ஒன்று. இடுப்பு பெல்ட் மட்டும் என்றால் குழந்தை நழுவிக் கீழே வந்துவிடும். மடக்குகிற கீல்களில் மூடி இருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். 2009-ல் மெக்லாரன் கம்பெனியே அமெரிக்காவில் விற்ற சுமார் பத்து லட்சம் வண்டிகளின் கீல்களுக்கு மூடி கொடுக்க வேண்டி வந்தது; குழந்தைகளின் விரல் நுனி துண்டாகிப் போனதுதான் காரணம். வண்டியை விரிக்கும்போதும் மடக்கும்போதும் குழந்தை எட்ட இருக்கட்டும். சட்டத்தில் ஒட்டிய சீட்டில் ஐரோப்பாவின் ஈ.என். 1888 அல்லது அமெரிக்காவின் ஏ.எஸ்.டி.எம். எஃப்833 என்று தரக் குறியீடு இருந்தால் நல்லது.

ஓடப் போகிறவர்களுக்குத் தனியாகச் சில வார்த்தை. ஆறு மாதத்துக்கு முன்னால் குழந்தையை வண்டியில் வைத்து ஓடவே கூடாது; பல கம்பெனிகள் எட்டு மாதம் என்று சொல்கின்றன. கழுத்து நன்றாக நிற்க வேண்டும், அதிர்ச்சியைத் தாங்க வேண்டும். உங்கள் குழந்தையின் டாக்டரை ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். பச்சைக் குழந்தையை மெதுவாகத் தள்ளிப் போவதானாலும் மட்டமாகப் படுக்க வைக்கிற வண்டிதான் வேண்டும். சாய்ந்த இருக்கையில் தலை கவிழ்ந்து மோவாய் நெஞ்சில் இடித்தால் மூச்சு திணறும்.

அம்மாவுக்கும் கணக்கு உண்டு. பிரசவமாகிக் குறைந்தது மூன்று மாதம் ஓட்டம் வேண்டாம் என்று பிசியோதெரபி நிபுணர்கள் 2019-ல் வழிகாட்டி வெளியிட்டிருக்கிறார்கள். நடக்கலாம், படிப்படியாகக் கூட்டலாம். இருமினால் சிறுநீர் கசிகிறது, அடிவயிறு கனத்துத் தொங்குகிற மாதிரி இருக்கிறது, தையல் போட்ட இடம் வலிக்கிறது என்றால் மூன்று மாதம் ஆகியிருந்தாலும் ஓட வேண்டாம். இதையெல்லாம் வெட்கப்பட்டு மறைக்கிறோமே, அதுதான் எனக்குப் பெரிய வருத்தம். டாக்டரம்மாவிடம் சொல்லுங்கள். பெரும்பாலும் பயிற்சியிலேயே சரியாகிவிடும்.

நம் ஊர் வெயிலைச் சொல்லாமல் முடியுமா? வெயில் படக் கூடாதே என்று வண்டியின் மேல் துண்டைப் போர்த்திக்கொண்டு போகிற தாய்மார்களை வண்ணாரப்பேட்டையில் பார்க்கிறேன். 2014-ல் ஸ்வீடன் பத்திரிகை ஒன்று இதைச் சோதித்துப் பார்த்தது. மெல்லிய துணி போர்த்திய வண்டிக்குள் 22 டிகிரியாக இருந்த சூடு அரை மணியில் 34 டிகிரிக்கு ஏறியது. ஒரு மணியில் 37. குளிர் தேசத்திலேயே இப்படி! துணியால் அடைக்காதீர்கள். கூரை அகலமாகவும், பின்பக்கம் காற்றோட்ட வலை உள்ளதாகவும் பாருங்கள். வெயில் ஏறுமுன் வீட்டுக்குத் திரும்பிவிடுங்கள்.

இன்னொரு விஷயம், பைக்கும் ஆட்டோவும் விடுகிற புகை. வண்டியில் உட்கார்ந்த குழந்தையின் முகம் அந்தப் புகைக்குச் சரியான உயரத்தில் இருக்கிறது. 2018-ல் இங்கிலாந்தின் சர்ரே பல்கலைக்கழகத்தார், வண்டிக் குழந்தை பெரியவரைவிட 60 சதவீதம் வரை கூடுதல் மாசை எதிர்கொள்ளக் கூடும் என்று எழுதினார்கள். திருவனந்தபுரம் ரோட்டை விட்டு உள்தெருவில் போங்கள். சிக்னலில் வண்டியை முன்னே நீட்டிக்கொண்டு நிற்காமல் சற்றுப் பின்னால் நில்லுங்கள்.

அந்தப் பெண்ணுக்கு என்ன சொன்னேன் என்கிறீர்களா? அவள் வீடு மாடியில். ஏழு படி ஏறித் திரும்பி இன்னும் எட்டுப் படி. "காம்பாக்ட் வண்டியை வாங்கு. முன்சக்கரத்தைப் பூட்டுகிற வசதி இருக்கட்டும். அதில் நட, வேகமாகக்கூட நட, ஓடாதே. ஓட்டம் வேண்டுமென்றால் காலையில் முக்கால் மணி நேரம் பிள்ளையை அத்தை கையில் கொடுத்துவிட்டு, கைவீசித் தனியாக ஓடிட்டு வா" என்றேன். மாமியார் ஒரு நிமிஷம் பேசவில்லை. பிறகு, "அதுக்கென்ன, பிள்ளைய நான் பாத்துக்கிடுதேன்" என்றார்கள். கணவர் வளைகுடாவில், துணைக்கு ஆளில்லை, தரை வீடு, பக்கத்தில் சமமான மைதானம் என்று இருக்கிற பெண்ணுக்கு இந்த யோசனை பொருந்தாது. அவள் விலை அதிகமானாலும் அசல் ஜாகிங் வண்டியே வாங்கட்டும். அதில் கையால் அழுத்துகிற பிரேக்கும், மணிக்கட்டில் மாட்டுகிற வாரும் இருக்க வேண்டும். வாரை மாட்டாமல் ஓரடி ஓடக் கூடாது. தெருநாய் துரத்தினால் திடீரென்று ஓடாமல் நின்றுவிடுவது மேல்.

குறுக்குத்துறைக்கோ பாபநாசத்துக்கோ வண்டியோடு போகிறவர்கள் படித்துறைக்கு வெகு முன்னாலேயே குழந்தையைத் தூக்கிக்கொள்ளுங்கள். ஆற்றங்கரைச் சரிவில் பிரேக்கை நம்பி வண்டியை விட்டு நகரவே கூடாது, துணி பிழிகிற நேரம்கூட!

ஒரு எச்சரிக்கை. ஸ்ட்ரோலரோடு சேர்த்து, குழந்தையை நடுவில் உட்கார வைத்துக் காலால் உந்துகிற 'வாக்கரை'யும் தலையில் கட்டப் பார்ப்பார்கள். வாங்காதீர்கள். படியில் உருண்டு மண்டை உடைவது அதில்தான். கனடா 2004-லேயே அதன் விற்பனையைத் தடை செய்துவிட்டது. தானாக எழுந்து நிற்கிற குழந்தைக்கு நம் மர நடைவண்டி போதும், அதுவும் நீங்கள் பக்கத்தில் இருந்தால். அதுவரை பாயில் விட்டுத் தவழ விடுங்கள். ஸ்ட்ரோலரிலேயே நாளெல்லாம் உட்கார வைக்காதீர்கள்.

ஆற்று மணலில் தள்ளி வந்தால் அச்சில் மணல் ஏறும். ஈரத் துணியால் துடைத்துக் காயவிடுங்கள். காற்றடைத்த டயரானால் வாரம் ஒருமுறை காற்றைப் பாருங்கள். கழற்றி மாட்டுகிற முன்சக்கரத்தை ஒவ்வொரு தடவையும் இறுக்கியிருக்கிறோமா என்று பார்ப்பது ரொம்ப முக்கியம். சரியாக இறுக்காத முன்சக்கரம் ஓட்டத்தில் கழன்று விழுவதாகச் சொல்லி, 2018-ல் அமெரிக்க நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையம் ஒரு ஜாகிங் வண்டிக் கம்பெனி மேல் வழக்கே போட்டது. குழந்தையை உட்கார வைக்குமுன் வண்டியின் முன்பக்கத்தைத் தூக்கி, சக்கரத்தைப் பிடித்து ஒரு ஆட்டு ஆட்டிப் பாருங்கள். அசைந்தால் இறுக்கிவிட்டுக் கிளம்புங்கள்.