மறைப்பா, அலங்காரமா?

யாழ்ப்பாணத்துப் புடைவைக்கடையொன்றினுள் நுழைந்தாலும், கொழும்பின் வங்கிக் கிளையொன்றினுள் நுழைந்தாலும், இன்று கண்ணிற்படுவது ஒரே சுவரே. அலையலையாகக் குடையப்பட்ட வெண்பலகைகள். மேலே, கம்பிகளில் தொங்கும் உலோகச் சட்டங்களில் ஏற்றிய சதுரத் தட்டுகள். ஒன்றன் விளிம்பு மற்றையதன் விளிம்போடு இசையுமாறு கணினிப் பொறி வெட்டித் தருவதால், எங்கு தொடங்கி எங்கு முடித்தாலும் பேதமில்லை. இதனை நவீனமெனக் கொண்டாடுவோரை மறுத்தேயாக வேண்டியுள்ளது.

அலங்காரத்தைக் குற்றமாகக் கண்ட வியன்னாக் கட்டடக்கலைஞர் அடொல்வ் லூசின் பக்கம் நாம் நிற்கவில்லை. (அவருந்தான் 1908இல் அமைத்த சிறிய மதுச்சாலையில் சலவைக்கல் விதானத்தையும், அறையைப் பெரிதாகக் காட்டும் கண்ணாடிகளையும் கைவிட்டாரில்லை!) அலங்காரம் யாருடைய கையிற் பிறக்கிறது, எதனை மறைக்கிறது என்பனவே எமது வினாக்கள். மினற் டி சில்வா 1950களின் தொடக்கத்திற் கண்டியிற் கட்டிய கருணாரத்ன இல்லத்தில் தும்பறைப் பாய் நெசவு கட்டடத்தின் உறுப்பாயிற்று. அது தனியார் இல்லம், வணிகத்துக்கு ஒவ்வாது என்பீராயின், ஜெப்ரி பாவா 1960களின் இறுதியிற் பெந்தோட்டையில் அமைத்த கடற்கரை விடுதியைக் கருதுக. அதன் வரவேற்பு மண்டப விதானத்தை ஈனா டி சில்வாவின் பற்றிக் துணிகள் நிறைத்தன. அங்கும் உல்லாசப் பயணியின் பணமே குறி. ஆயினும் சாயந்தோய்த்த கைகளுக்கு அதிற் பங்கிருந்தது. இன்றைய பலகையோ தொழிலாளிக்கு ஆணியையும் பசையையும் மட்டுமே விட்டுவைக்கிறது.

மலிவு என்பர். விதானத்தைத் தாழ்த்தி, மேற்சுவர்க் காற்றுத்துவாரங்களை அடைத்து, பின்னர் குளிரூட்டிக்கு மின்கட்டணம் செலுத்துவது எவ்வகைச் சிக்கனமோ!

இதனினும் பாரதூரமானது தீ. 2003இல் அமெரிக்காவின் றோட் ஐலண்டிலும், 2013இல் பிரேசிலின் சாந்தா மரியாவிலும் இரவு விடுதிகளில் ஒலியடக்க ஒட்டியிருந்த நுரைப்பஞ்சு, வாணவேடிக்கைப் பொறிபட்டு எரிந்து நச்சுப்புகை கக்கியது. முன்னையதில் 100 பேரும் பின்னையதில் 242 பேரும் மாண்டனர். அவை அழகுக்காக ஒட்டப்பட்டவையல்ல என்பது உண்மையே. ஆயின், சுவரை மூடும் பொருள் எதுவாயினும் தீயில் அது எவ்வாறு நடந்துகொள்ளும் என்பது முதலிற் கேட்கவேண்டிய வினாவன்றோ? பிளாஸ்ரிக் பலகை விற்கும் வணிகரொருவரிடம் அதனைக் கேட்டேன். அவர் நிற அட்டையை நீட்டினார். அதிற் பன்னிரண்டு வெண்மைகள் இருந்தன.