கணக்கிற்கும் தரகரா?

கால்குலஸ் என்று சொல்லப்படும் நுண்கணிதத்தைக் கண்டு நம் வாலிபர்கள் நடுங்குவதுபோல் வேறு எந்தப் பாடத்தைக் கண்டும் நடுங்குவதில்லை. பத்தாவது வரையில் கணக்கில் புலி என்று பேர் வாங்கின பிள்ளைகூட இதன் வாசற்படியில் வந்து நின்றவுடன், "இது நம் மூளைக்கு எட்டாது" என்று திரும்பிவிடுகின்றது. இன்ஜினீயராக வேண்டியவனுடைய படிப்பு அதோடு நின்றுபோகின்றது. இது மூளைக்குறைவு என்று சொல்லும் கனவான்களை நாம் ஒன்று கேட்கின்றோம். அந்தக் கணக்கு இன்னதென்று அந்தப் பிள்ளைக்கு யாராவது தரையில் கோடு கிழித்துக் காட்டியதுண்டா?

பக்கம் 100 அடியுள்ள ஒரு சதுர நிலம் இருக்கின்றதென்று வைத்துக்கொள்ளுவோம். பரப்பு 10,000 சதுர அடி. பக்கத்தை 1 அடி கூட்டினால் 10,201. அதிகமான 201-இல், இரண்டு ஓரப் பட்டைகள் 200, மூலைத்துண்டு 1. ஓர் அடிக்குப் பதிலாக அடியில் நூறிலொரு பங்கு மாத்திரம் கூட்டுங்கள். பட்டைகள் 2 சதுர அடி. மூலைத்துண்டோ பதினாயிரத்தில் ஒரு பங்கு! கூட்டுவதைக் குறைக்கக் குறைக்க மூலை இல்லாமலே போகின்றது. நிற்பது பக்கத்தைப்போல் இரண்டு மடங்கு என்கின்ற வேகந்தான். வகைக்கெழு என்பது இவ்வளவே. இதில் என்ன தேவரகசியம் இருக்கின்றது?

வகைக்கெழுச் சமன்பாடு என்றால் இன்னும் பயம். கொதிக்கின்ற காப்பி வேகமாயும், ஆறின காப்பி மெதுவாயும் ஆறுகின்றதை எல்லோரும் பார்த்திருக்கின்றோம். சுற்றியுள்ள காற்றைவிட எவ்வளவு அதிகச் சூடோ, ஏறக்குறைய அவ்வளவுக்குத் தக்கபடி ஆறும் வேகம் என்று நியூட்டன் சொன்னார். அந்த வாக்கியத்தைக் குறிகளால் எழுதினால் அதுவே வகைக்கெழுச் சமன்பாடு. காற்று 30 டிகிரி, காப்பி 90 டிகிரி. பத்து நிமிஷத்தில் 60-க்கு வந்ததானால், அடுத்த பத்து நிமிஷத்தில் 45-க்கு வரும். ஒவ்வொரு தடவையும் மிச்சத்தில் பாதி.

நிற்க, 1910-ஆம் வருஷத்தில் லண்டனில் சில்வானஸ் தாம்ஸன் என்னும் எலெக்ட்ரிக் புரொபஸர் ஒருவர், தம் பேரைப் போடாமல், நுண்கணிதத்தைச் சுலபமாக்கி ஒரு புத்தகம் வெளியிட்டார். முதல் அத்தியாயத்திலேயே பயமுறுத்தும் இரண்டு குறிகளை எடுத்து, ஒன்றுக்குச் "சிறு துணுக்கு" என்றும் மற்றொன்றுக்குத் "துணுக்குகளின் கூட்டு" என்றும் பொருள் சொல்லி முடித்துவிட்டார். சுலபமானதைக் கஷ்டமாக்கிக் காட்டும் நூலாசிரியர்களுக்கு முகவுரையில் நல்ல சூடும் கொடுத்திருக்கின்றார். அர்த்தம் தெரியாதவரையில்தான் மந்திரத்திற்கு மதிப்பு என்பது நமக்குத் தெரியாததா?

ஆனால் உதவி கேட்கின்றவர்களுக்கும் நாம் சொல்லவேண்டியது உண்டு. கணக்கை அப்படியே ஒருவரிடம் நீட்டி விடையை வாங்கிக்கொண்டு போவது, காசு கொடுத்துப் பிறர் வாயால் அர்ச்சனை செய்துகொள்ளுவதற்குச் சமானம். உபாத்தியாயரிடம் போனாலும், கைப்பேசியிலுள்ள யந்திரத்திடம் போனாலும், "இதுவரை செய்தேன், இந்த வரியில் நின்றுவிட்டேன், ஏன்?" என்று கேட்கவேண்டும். அப்படிக் கேட்பவனை "இதுகூடத் தெரியாதா" என்று பரிகசிக்கும் உபாத்தியாயர் சம்பளத்திற்குத் தகுதியற்றவர். யந்திரமோ பரிகசிப்பதில்லை, தப்பு விடையையும் சரியான விடையைப்போலவே கூசாமல் எழுதிக் காட்டிவிடும். அதுவும் ஓர் ஆபத்துதான்.

இந்தச் சாஸ்திரத்தில் நமக்கு மிகவும் பிடித்த விஷயம் ஒன்று உண்டு. யார் சொன்ன விடையையும் நம்பவேண்டியதில்லை. வந்த விடையை வகையிட்டுச் சமன்பாட்டிலே திருப்பிப் போட்டு, இரண்டு பக்கமும் ஒத்து வருகின்றதா, ஆரம்பத்தில் 90 டிகிரி என்றால் விடையும் ஆரம்பத்தில் 90 காட்டுகின்றதா என்று பார்த்துவிடலாம். ஒத்து வராவிட்டால் சொன்னவர் எப்பேர்ப்பட்ட பண்டிதரானாலும் தப்புத் தப்புத்தான். தொகையிடுவதிலும் இப்படியே, வந்த விடையை வகையிட்டால் பழைய கணக்கு திரும்பி வரவேண்டும். இந்தப் பரீட்சையைப் பதினாறு வயதுப் பெண் திண்ணையில் உட்கார்ந்து தானே செய்துகொள்ளலாம். யாருடைய தயவும் வேண்டாம்.

தாம்ஸன் 1916-இல் காலமானார். அவர் புத்தகம் இன்று இணையத்தில் காசில்லாமல் கிடைக்கின்றது. இங்கிலீஷ் தெரிந்த தோழர் ஒருவர் வாரத்தில் ஒரு மாலை வாசகசாலையில் உட்கார்ந்து, முதல் சில அத்தியாயங்களைத் தமிழில் சொல்லிக்கொண்டு வந்தால் போதும். அத்தியாயங்களில் பயிற்சிக் கணக்குகளும், புத்தகத்தின் கடைசியில் அவற்றின் விடைகளும் இருக்கின்றன.