பேப்பர் போடறதுக்கு முன்னாடி இதைப் படிங்க

தோழர்களே, சாயந்திரம் வானகரம் சிக்னல்ல கொஞ்ச நேரம் நின்னு பாருங்க. அம்பத்தூர் எஸ்டேட் ரோட்டுல கம்பெனி கேப் ஒண்ணு பின்னாடி ஒண்ணா திரும்பும். உள்ளே கழுத்துல ஐடி கார்டு மாட்டி, ஹெட்போன் போட்டு கண்ணை மூடி உட்கார்ந்திருக்கறவங்கள்ல நிறைய பேர் மெடிக்கல் பில்லிங் வேலை பார்க்கறவங்க.

அமெரிக்காவுல டாக்டர் வைத்தியம் பார்த்துட்டு இன்சூரன்ஸ் கம்பெனிக்கு பில் அனுப்புவார். அவங்க ஒரு காரணத்தைச் சொல்லி நிராகரிப்பாங்க. நம்ம ஊர் ஏஆர் காலர் ராத்திரியில அந்தக் கம்பெனிக்கு போன் போட்டு, லைன்ல காத்துக் கிடந்து, காரணத்தைக் கேட்டு நோட்ஸ் எழுதணும். அதைச் சரிபண்ணி மறுபடி அனுப்பணும். பிகாம், பிஎஸ்சி முடிச்சவங்க, இன்ஜினியரிங் முடிச்சு கோர் வேலை கிடைக்காத என் செட் பசங்கன்னு எத்தனையோ வீட்டு வாடகையும் இஎம்ஐயும் இந்த வேலையிலதான் ஓடுது.

இந்த வேலைக்குத்தான் இப்போ ஏஐ ஏஜென்ட் வருது. முன்னாடி இருந்த பாட் வேற. சொல்லிக்கொடுத்த பட்டனை மட்டும் அமுக்கும், ஸ்கிரீன்ல பட்டன் இடம் மாறினா நின்னுடும். ஏஜென்ட் அப்படி இல்ல. நிராகரிப்புக் கடிதத்தைப் படிக்கும், இன்சூரன்ஸ் போர்ட்டல்ல நுழைஞ்சு நிலவரம் பார்க்கும், அடுத்து என்ன செய்யணும்னு தானே முடிவு பண்ணி மேல்முறையீடும் எழுதும். இது எங்கேயோ நடக்கற கதையும் இல்ல. அம்பத்தூர் எஸ்டேட்ல ஆபீஸ் வெச்சிருக்கற ஆக்சஸ் ஹெல்த்கேரை, நியூ மவுன்டன் கேபிடல்ங்கற அமெரிக்க முதலீட்டு நிறுவனம் 2025-ல் தாட்ஃபுல் ஏஐ, ஸ்மார்ட்டர்டிஎக்ஸ் என்ற இரண்டு ஏஐ நிறுவனங்களோட சேர்த்து ஒரே கம்பெனி ஆக்கிடுச்சு. தொழில் எந்தப் பக்கம் போகுதுன்னு இதுல இருந்தே புரியும்.

ஏஜென்ட்டே வரக்கூடாதுன்னு நாம சொல்லல. ராத்திரி பூரா ஹோல்டு மியூசிக் கேக்கறதை மெஷின் செஞ்சா நல்லதுதான். ஆனா சுலபமான கிளெய்ம் எல்லாம் மெஷினுக்குப் போனதும், மனுஷன் கையில மிச்சமிருக்கறது பூரா சிக்கலான கேஸ். டார்கெட் மட்டும் பழைய டார்கெட்டா இருந்தா என்ன ஆகும்? "உன் பெர்ஃபார்மன்ஸ் சரியில்ல" என்பாங்க. அடுத்து மீட்டிங் ரூமுக்குக் கூப்பிட்டு, "நீயே பேப்பர் போட்டுடு, எக்ஸ்பீரியன்ஸ் லெட்டர் நல்லா தர்றோம்" என்பாங்க.

இங்கதான் சட்டம் தெரிஞ்சிருக்கணும். ஐடி, பிபிஓவுக்கு தொழிலாளர் சட்டமே பொருந்தாதுன்னு ரொம்ப நாளா ஒரு கதை ஓடிட்டு இருந்தது. தொழில் தகராறு சட்டத்துல இருந்து ஐடி துறைக்கு விலக்கு எதுவும் இல்லன்னு 2016-லேயே தமிழ்நாடு அரசு தெளிவுபடுத்திடுச்சு. தொழில்நுட்ப மாற்றத்தால ஆள்குறைப்பு வரும்னு தெரிஞ்சா, 21 நாள் முன்னாடியே தொழிலாளருக்கு நோட்டீஸ் கொடுக்கணும்னு அந்தச் சட்டத்தின் 9ஏ பிரிவும் நான்காவது அட்டவணையும் சொல்லிச்சு. 2025 நவம்பர் 21 முதல் அமலுக்கு வந்த தொழில் உறவுகள் தொகுப்புச் சட்டத்துலயும் 40-வது பிரிவா அது இருக்கு. கிளரிக்கல் வேலை பார்க்கறவரும் இந்தச் சட்டப்படி தொழிலாளர்தான்.

ஒரு வருஷம் தொடர்ந்து வேலை பார்த்தவரை ஆள்குறைப்புல அனுப்பினா ஒரு மாச நோட்டீஸ், இல்லன்னா அதுக்கான சம்பளம். முடிச்ச ஒவ்வொரு வருஷத்துக்கும் 15 நாள் சம்பளம் இழப்பீடு. இது போக, மறுதிறன் நிதியில உங்க பேர்ல இன்னொரு 15 நாள் சம்பளத்தை கம்பெனி கட்டணும். (15 நாள் சம்பளத்துல எவன் புதுசா ஒரு தொழிலைக் கத்துக்குவான்னு டெல்லியில உட்கார்ந்து சட்டம் எழுதினவங்கதான் சொல்லணும்.)

நீங்களே ராஜினாமா கொடுத்துட்டா இதுல ஒண்ணும் கிடையாது. அது ஆள்குறைப்புக் கணக்குலயே வராது. "நீயே எழுதிக் கொடு"ன்னு அவ்வளவு அன்பா கேக்கறது எதுக்குன்னு இப்போ புரியுதா?

மெஷின் வர்றதுக்கு முன்னாடி உட்கார்ந்து பேசறது நம்ம நாட்டுக்குப் புதுசும் இல்ல. வங்கிகளுக்கு கம்ப்யூட்டர் வந்தப்போ, 1983 செப்டம்பர்ல ஊழியர் சங்கங்களும் இந்திய வங்கிகள் சங்கமும் ஒப்பந்தம் போட்டாங்க. பேசினதால கம்ப்யூட்டர் வராம நின்னு போகல. அவசரப்பட்டவங்க கதையும் இருக்கு. ஸ்வீடன் நாட்டு கிளார்னா 2024-ல் தன்னோட ஏஐ 700 பேர் வேலையைச் செய்யுதுன்னு பெருமையா அறிவிச்சுது. அடுத்த வருஷமே வாடிக்கையாளர் சேவைக்கு மறுபடி ஆள் எடுக்க ஆரம்பிச்சுது.

அதனால நாம கேக்கறது இதுதான். ஏஜென்ட்டை இறக்கற ஒவ்வொரு பிபிஓவும் எந்த வேலையை மாத்தப் போறோம்னு 21 நாள் முன்னாடி எழுத்துல சொல்லணும். டார்கெட்டைத் திருத்தணும். ஏஜென்ட் செஞ்ச தப்பை ஊழியர் பேர்ல எழுதக்கூடாது. நோட்டீஸ் இல்லாம ஆளை அனுப்பற இடத்துல தொழிலாளர் துறை தானா போய் விசாரிக்கணும்.

அம்பத்தூர், வானகரம், பூந்தமல்லி பக்கம் வேலை பார்க்கறவங்க, ராஜினாமா கேட்டு மெயில் வந்தா உடனே பதில் போடாதீங்க. அப்பாயின்ட்மென்ட் ஆர்டர், கடைசி மூணு மாச பே ஸ்லிப், டார்கெட் ஷீட் எல்லாத்தையும் ஒரு காப்பி எடுத்து வெச்சுக்குங்க. நோயாளி விவரம் இருக்கற எதையும் வெளியே எடுக்காதீங்க, அதையே காரணமாக்கிடுவாங்க. இந்தப் பக்கத்தோட இன்பாக்ஸ்ல எழுதுங்க, பேர் வெளியே வராது. நம்ம வழக்கறிஞர் அணி படிச்சுட்டு உங்களைக் கூப்பிடும்.

- தகவல் தொழில்நுட்ப அணி, வானகரம்