வினையெச்சமும் விளையாட்டும்

இளங்கலை முதலாமாண்டு வகுப்பில் வினையெச்சம் நடத்துவது எளிதன்று. ‘வந்து நின்றான்’ என்னும் தொடரில் ‘வந்து’ எச்சம், ‘நின்றான்’ முற்று என்று சொல்லி முடிப்பதற்குள் பாதி வகுப்பு சாளரத்தின் வழியே மைதானத்திற்குச் சென்றுவிடும். சென்ற ஆண்டு அப்படியொரு பிற்பகலில், ‘செய்து’ என்னும் வாய்பாட்டு எச்சம் தன் வினைமுதலின் வினையையே கொண்டு முடியும் என்ற விதியை விளக்கிக்கொண்டிருந்தேன். வந்தவன் எவனோ அவனே நிற்க வேண்டும். ஒருவன் வந்து மற்றொருவன் நின்றால் தொடர் அமையாது. (சினைவினைக்கு ஒரு விலக்கு உண்டு, அதனை இலக்கண ஆசிரியர்கள் பொறுத்தருள்க.) கடைசி வரிசையில் இருந்த மாணவர் ஒருவர் எழுந்து, “ஐயா, நான் கணிப்பொறியில் ஆடும் விளையாட்டிலும் இதேதான். முன்னால் போனவனும் நான்தான், பின்னால் வந்து முடிப்பவனும் நான்தான்” என்றார். வகுப்பு சிரித்தது. நானும் சிரித்தேன். ஆயினும் அன்று மாலை அவரைத் துறைக்கு அழைத்து, அவ்விளையாட்டைக் காட்டுமாறு கேட்டேன்.

அவர் காட்டியது ‘பிரெய்டு’. ஜொனாதன் புளோ என்பவர் உருவாக்கி 2008ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில் வெளிவந்தது. டிம் என்னும் சிறிய மனிதன் ஓர் இளவரசியைத் தேடிச் செல்கிறான். வழியில் தவறினால் காலத்தைப் பின்னோக்கிச் சுருட்டலாம். அதன் ஐந்தாம் உலகில்தான் புதுமை இருக்கிறது. அங்கே காலத்தைச் சுருட்டினால், அழிக்கப்பட்ட அந்தச் செயல் முற்றிலும் அழிவதில்லை. டிம்மின் நிழலுரு ஒன்று தோன்றி, அவன் முன்பு செய்ததை அப்படியே மீண்டும் செய்கிறது. ஆகவே ஆடுபவர் முதலில் ஓடிச்சென்று ஒரு நெம்புகோலை இழுக்கிறார். காலத்தைச் சுருட்டிப் பழைய இடத்திற்கு மீள்கிறார். நிழல் சென்று நெம்புகோலை இழுக்க, இவர் திறந்த கதவின் வழியே நுழைகிறார். ஊதா ஒளி வீசும் பொருள்கள் மட்டுமே நிழலுக்கும் டிம்முக்கும் பொதுவானவை என்பது விதி. மூன்று காலத்தையும் பிரித்து இலக்கணம் வகுத்தவர்கள் நாம். இறந்தகாலம் நிகழ்காலத்திற்குள் வந்து ஏவல் செய்வதை நான் கண்ணாரக் கண்டது அன்றுதான்.

அதன்பின் தேடித்தேடிப் படித்தேன். சிலவற்றை ஆடியும் பார்த்தேன். ஆடுபவரின் பழைய ஓட்டத்தைப் பதிந்து காட்டும் வழக்கம் முன்னரே உண்டு. 1992இல் வந்த ‘சூப்பர் மாரியோ கார்ட்’ பந்தயத்தில் தனியே ஓட்டும்போது நம் முந்தைய ஓட்டம் ஆவிபோல உடன் ஓடும். ஆனால் அங்கே அது போட்டியாளன். அதனை முந்துவதே குறிக்கோள். பழைய ‘நான்’ துணைவனாக மாறும்போதுதான் புதிர் பிறக்கிறது. ஜப்பானியரான யோஷியோ இஷீ 2008இல் ஆக்கிய ‘கர்சர் டென்’ என்னும் சிறு விளையாட்டு இதனை மிக எளிமையாகச் செய்தது. பதினாறு மாடிகள், ஏற வேண்டியவை திரையில் அசையும் பத்துச் சுட்டிகள். ஒவ்வொன்றின் ஆயுளும் மிகக் குறுகியது. முதற்சுட்டியின் காலம் முடிந்ததும் இரண்டாவது புறப்படும். உடனே முதற்சுட்டி செய்த ஒவ்வோர் அசைவும் அதனருகே மீண்டும் நிகழும். ஒரு மாடியில் பொத்தானை ஒருவர் அழுத்திக்கொண்டே இருந்தால்தான் மேலே செல்லும் படி தோன்றும். எனவே ஒரு சுட்டி தான் மேலேறும் ஆசையை விட்டு, பொத்தானின் மேலேயே தன் வாழ்நாளைக் கழிக்க வேண்டும். ‘ஃபிளாஷ்’ என்னும் மென்பொருளுக்கான ஆதரவு 2020ஆம் ஆண்டின் இறுதியில் நிறுத்தப்பட்டது. அக்காலத்தில் அதில் எழுதப்பட்ட எத்தனையோ விளையாட்டுகள் அதனோடு முடங்கின. ஏடுகளைக் கறையானுக்குக் கொடுத்த நமக்கு இது புதிய செய்தியன்று.

‘பி.பி. விண்டர்பாட்டம்’ என்ற பணியாரத் திருடனைப் பற்றிய 2010ஆம் ஆண்டு விளையாட்டும் இவ்வகையதே. அது தென் கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் மாணவர் ஆய்வுத் திட்டமாகத் தொடங்கியது என்று அறிந்தபோது, நூலக அலமாரியில் உறங்கும் என் எம்.ஃபில். ஆய்வேட்டை நினைத்துச் சற்றே பொறாமைப்பட்டேன்.

கணிப்பொறி விளையாட்டு இளைஞரின் காலத்தை விழுங்குகிறது என்று நம் ஊர்ப் பெரியவர்கள் கூறுவதை நான் மறுப்பவன் அல்லன். சுடுவதும் வெட்டுவதும் அன்றி வேறறியாத விளையாட்டுகளே மிகுதி. ஆயினும் அவற்றோடு இதனையும் ஒரே கூண்டில் நிறுத்துவது முறையன்று என்பதே என் கருத்து. ‘தி டாலோஸ் பிரின்சிபிள்’ என்னும் விளையாட்டை எடுத்துக்கொள்வோம். குரோஷிய நாட்டு நிறுவனமான குரோட்டீம் உருவாக்கி 2014இல் வெளிவந்தது. அதில் ஒரு பதிவுக்கருவி வருகிறது. அதனை இயக்கிவிட்டு, நாம் ஒரு பொத்தானின் மேல் ஏறிச் சும்மா நிற்கிறோம். யாருமற்ற இடத்தில், யாருக்காகவோ கதவைத் திறந்து வைத்திருக்கிறோம். பார்ப்பவர்க்குப் பித்தனின் செயலாகத் தோன்றும். பதிவு முடிந்து மீண்டும் ஓடும்போதுதான், அந்தக் கதவின் வழியே நுழையப்போகிறவரும் நாமே என்பது விளங்கும். இனி வரப்போகும் தன்னை எண்ணி இப்போது சலிப்பைத் தாங்கும் இந்தப் பயிற்சியை வேறு எந்தப் பாடத்தில் நாம் கற்பிக்கிறோம்? தேர்வுக்கு முந்தைய இரவில் நகலெடுக்கும் கடையில் கூடி நிற்கும் மாணவர், சூன் மாதத்திலேயே தமக்காகப் பொத்தானை அழுத்தி வைக்காதவர்.

இவ்வாறு மாணவரைச் சொல்லிவிட்டு நான் தப்பித்துக்கொள்ள முடியவில்லை. பதிவுக்கு ஒரு குறை உண்டு. அதற்குக் கண் இல்லை. பின்னால் வந்த நாம் இடம் மாறி நின்றாலும், பழைய உரு பழைய இடத்திற்கே வந்து பழைய செயலையே செய்யும். இதை ஆடிப்பார்த்த இரவில் என் குறிப்பேட்டை எடுத்துப் புரட்டினேன். பணியில் சேர்ந்த ஆண்டில் எழுதியது. பதினெட்டு ஆண்டுகளாக அதனைக் கொண்டே இலக்கணம் நடத்துகிறேன். எந்த இடத்தில் நகைச்சுவை சொல்ல வேண்டும் என்பதுகூட ஓரத்தில் குறிக்கப்பட்டிருக்கிறது. எதிரே அமர்ந்திருந்தவர்கள் பதினெட்டு முறை மாறிவிட்டார்கள். நிழலுரு மட்டும் மாறாமல் வந்து நெம்புகோலை இழுத்துக்கொண்டிருந்தது. கதவு திறந்ததா என்று நான் திரும்பிப் பார்த்ததில்லை.

விளையாட்டின் பக்கமும் ஒரு குறை சொல்ல வேண்டும். 2009இல் ‘தி கம்பெனி ஆஃப் மைசெல்ஃப்’ என்றொரு சிறு விளையாட்டு வந்தது. ஜாக் என்னும் தனியன், மனிதரை விட்டு விலகி, தன் பழைய நிழல்களின் தோள்மீது ஏறியே ஒவ்வொரு தடையையும் கடக்கிறான். பிறர் துணை வேண்டாம் என்று பெருமையாகப் பேசிக்கொண்டே போகிறான். ஆடி முடிக்கையில் அந்தப் பெருமைக்குப் பின்னால் உள்ள துயரம் வெளிப்படுகிறது. அதனை இங்கே சொல்லிவிட்டால் ஆட விரும்புவோர்க்குத் தீங்கிழைத்தவனாவேன். இவ்வகை விளையாட்டுகளை ஆக்கியவர்களுள் ஒருவரே இதன் தனிமையை உணர்ந்திருக்கிறார் என்பது எனக்கு முக்கியமாகப் பட்டது.

அம்மாணவரிடம் இதைச் சொன்னேன். “விடுதியில் ஓர் அறையில் நால்வர் இருக்கிறீர்கள். நான்கு திரைகள். நால்வரும் தத்தம் நிழலோடு கூட்டுச் சேர்ந்திருக்கிறீர்கள். அடுத்த கட்டிலில் இருப்பவருக்கு எந்தப் பாடம் விளங்கவில்லை என்று தெரியுமா?” அவர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, “நிழல் என்றால் சொன்னபடி செய்யும் ஐயா. ஆளிடம் கேட்டால் மாட்டேன் என்று சொல்லிவிடுவானே” என்றார். நேர்மையான விடை. அதற்கு என்னிடம் உடனடி மறுமொழி இல்லை.

தொல்காப்பியர் ‘செய்து’ வாய்பாட்டோடு நின்றுவிடவில்லை. ‘செய’ என்னும் வாய்பாடும் அவர் பட்டியலில் உண்டு. அது தன் வினைமுதலின் வினையையும் கொள்ளும்; பிறிதொன்றின் வினையையும் கொள்ளும். ‘மழை பெய்யக் குளம் நிறைந்தது.’ பெய்தது ஒன்று, நிறைந்தது மற்றொன்று. பழைய குறிப்பேட்டில் இந்த எச்சத்திற்கு அரைப்பக்கமே ஒதுக்கியிருந்தேன்; எடுத்துக்காட்டும் மழையும் குளமும் மட்டுமே. இவ்வாண்டு அந்தப் பாடத்தைப் புதிதாக எழுதத் தொடங்கியிருக்கிறேன். மாணவர்கள் இருவர் இருவராக அமர்ந்து, ஒருவர் எச்சத்தைச் சொல்ல மற்றவர் முற்றைச் சொல்லி முடிக்க வேண்டும் என்பது ஏற்பாடு. முதல் நாள் வகுப்பில் பெருங்கூச்சல். பக்கத்து வகுப்புப் பேராசிரியர் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். அந்தக் கடைசி வரிசை மாணவருக்கு இணையாக அமைந்தவர், அவர் எதைச் சொன்னாலும் வேண்டுமென்றே தவறான முற்றைச் சொல்லிக்கொண்டிருந்தார்.