எடை குறைந்த பின் எஞ்சும் தோல்: ஆடம்பரமா, சிகிச்சையின் மீதியா?

ஏற்காட்டு மலையிலிருந்து எங்கள் புறநோயாளிப் பிரிவுக்கு வரும் பெண்மணி ஒருவர் இரண்டு ஆண்டுகளில் நாற்பது கிலோவுக்கு மேல் எடை குறைத்தார். சர்க்கரை நோய்க்கான மாத்திரைகள் குறைந்தன, மூட்டுவலி தணிந்தது, மூச்சு வாங்காமல் மேடேற முடிந்தது. அவர் மனநிறைவோடு இருப்பார் என்றே நாங்கள் அனைவரும் எண்ணியிருந்தோம். ஆனால், கார்த்திகை மாத மழையில் அவர் வந்தபோது நடையில் ஒரு தயக்கம் இருந்தது. அடிவயிற்றிலிருந்து தொங்கிய தோல் மடிப்பின் கீழ் சிவந்து, ஈரம் கசிந்து, நாற்றமெடுக்கும் புண். அந்த ஆண்டில் அது நான்காவது முறை. இடுப்பில் பை கட்டிக் காப்பிப் பழம் பறிக்க இயலாததால் தோட்ட வேலையையும் நிறுத்தியிருந்தார். தோலை அகற்றும் அறுவை சிகிச்சையைப் பற்றி நான் பேசத் தொடங்கியதும், உடன் வந்திருந்த மாமியார் கேட்டார்: "உடம்பும் இளைச்சாச்சு, சர்க்கரையும் குறைஞ்சாச்சு. இனிமே அழகுக்கு ஒரு ஆபரேஷன் எதுக்கு டாக்டர்?"

அந்த அம்மையாரின் கேள்வியில் கெட்ட எண்ணம் ஏதுமில்லை. பல வீடுகளில் எழும் கேள்விதான் அது. அதற்கு வெளிப்படையாக விடை சொல்ல வேண்டிய காலம் வந்துவிட்டது என்பது என் கருத்து. 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, தமிழகத்தில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 40 விழுக்காட்டினரும், ஆண்களில் 37 விழுக்காட்டினரும் கூடுதல் எடை கொண்டவர்கள். எடை குறைப்பு அறுவை சிகிச்சை இன்று பெருநகரங்களோடு நின்றுவிடவில்லை. டிர்செபடைடு, செமாகுளுடைடு ஆகிய ஊசி மருந்துகளும் எடை குறைப்புக்கென 2025-இல் இந்தியச் சந்தைக்கு வந்துள்ளன. எடை குறைப்போர் பெருகும்போது, எஞ்சும் தோலால் துன்புறுவோரும் பெருகுவர்.

முதலில் ஓர் உண்மையை ஏற்றுக்கொள்வோம். பல ஆண்டுகள் விரிந்திருந்த தோல், உள்ளிருந்த கொழுப்பு கரைந்தவுடன் பழைய நிலைக்குச் சுருங்குவதில்லை. தோலுக்கு மீள்தன்மை தரும் கொலாஜன், எலாஸ்டின் என்னும் இழைகள் நெடுநாள் இழுபட்டு நலிந்துவிடுகின்றன. உடற்பயிற்சி தசையை வலுப்படுத்தும், தோலைச் சுருக்காது. களிம்புகளும் எண்ணெய்களும் அதைச் செய்வதில்லை. ஆகவே, "ஒழுங்காக நடந்திருந்தால் இது வந்திருக்காது" என்று நோயாளியைக் குறை கூறுவதில் நியாயமில்லை. பெருமளவு எடை குறைத்தவர் தம் கடமையைச் செய்து முடித்தவர். தொங்கும் தோல் அதன் விளைவேயன்றி அவருடைய தவறன்று.

மலையில் வாழ்வோருக்கு இத்துன்பம் இன்னும் கூடுதல். தோலும் தோலும் ஒட்டியிருக்கும் மடிப்பில் காற்றுப் புகாது, வியர்வை தேங்கும், பூஞ்சை வளரும். பனியும் சாரலும் இறங்கும் மாதங்களில் சேர்வராயன் மலையில் துவைத்த துணி இரண்டு நாளானாலும் முழுதாய்க் காய்வதில்லை. ஈரம் உலராத உள்ளாடையோடு வேலைக்குச் செல்பவருக்கு எந்தக் களிம்பு எத்தனை நாள் பயன் தரும்? சர்க்கரை நோயும் உடனிருந்தால் புண் ஆறுவது மேலும் தாமதமாகும். புண்ணுக்கு அஞ்சி நடையைக் குறைப்பவருக்குக் குறைந்த எடை மீண்டும் ஏறத் தொடங்கும். இத்தனைக்குப் பிறகும் இதை அழகுப் பிரச்சினை என்று ஒதுக்குவது சரியாகாது.

இந்த விவாதம் தமிழகத்துக்குப் புதிதன்று. 2018 பிப்ரவரியில் சென்னை ஸ்டான்லி அரசு மருத்துவமனையின் பிளாஸ்டிக் அறுவை சிகிச்சைத் துறை, மார்பக அளவைச் சீராக்கும் அறுவை சிகிச்சைகளை இலவசமாக வழங்கும் பிரிவைத் தொடங்கியது. உயிர்காக்கும் சிகிச்சைக்கே பணம் போதாதபோது இது எதற்கு என்று பலர் கேட்டனர். அழகுச் சிகிச்சை ஏழைகளுக்கு மட்டும் ஏன் மறுக்கப்பட வேண்டும் என்று அன்றைய சுகாதார அமைச்சர் விஜயபாஸ்கர் திருப்பிக் கேட்டார். மார்பின் மிகு பாரத்தால் தோள்வலியும் முதுகுவலியும் கொண்டு வாழும் பெண்களுக்கு அது உடல்நலச் சிகிச்சையே என மருத்துவர்கள் விளக்கினர்.

இரு தரப்பிலும் நியாயம் உண்டு என்பதை நான் மறுக்கவில்லை. தீக்காயத்தால் கழுத்து ஒட்டிப்போன குழந்தையும், தொங்கும் தோலுள்ள பெரியவரும் ஒரே அறுவை அரங்குக்குக் காத்திருந்தால், குழந்தையே முதலில் செல்ல வேண்டும். ஆனால், வரிசையில் பின்னால் நிற்க வேண்டியவர் என்பதற்காக வரிசையிலேயே இடமில்லை என்று சொல்வது முறையாகாது. தோற்றத்தை மட்டும் மாற்ற விரும்புவோரையும், புண்ணாலும் வலியாலும் வேலையிழந்தோரையும் பிரித்துக் காணும் வரையறையே இன்று நமக்குத் தேவை.

காப்பீட்டிலும் இதே குழப்பம் நிலவுகிறது. காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2019-இல் வகுத்த பொது விலக்கு விதிகளின்படி, உடல் நிறை குறியீட்டெண் 40 அல்லது அதற்கு மேல் உள்ளோருக்கும், 35 அல்லது அதற்கு மேலிருந்து கடுமையான இணைநோய் உடையோருக்கும் எடை குறைப்பு அறுவை சிகிச்சைக்கு வழியுண்டு. ஆனால், அதன் விளைவாக எஞ்சும் தோலை அகற்றுவது பிளாஸ்டிக் சிகிச்சை என்னும் விலக்கில் விழுந்துவிடுகிறது. பாதிப் பாலத்தைக் கட்டிக் கொடுத்துவிட்டு மீதியை நீந்திக் கடக்கச் சொல்வதுபோன்றது இது. எனினும், அதே விதியில் ஒரு வாயில் திறந்திருக்கிறது. உடல்நலத்துக்கு நேரடியான, உடனடியான ஆபத்தை நீக்க இச்சிகிச்சை தேவை என்று சிகிச்சையளிக்கும் மருத்துவர் சான்றளித்தால் விலக்கு பொருந்தாது. ஆகவே, ஒவ்வொரு முறை புண் வரும்போதும் மருத்துவரிடம் காட்டுங்கள்; மருந்துச் சீட்டுகளைப் பாதுகாத்து வையுங்கள்; புண்ணின் நிழற்படத்தை மருத்துவப் பதிவில் சேர்க்கச் சொல்லுங்கள். வீட்டிலேயே பவுடர் தூவிச் சமாளித்த துன்பத்துக்கு எந்த அலுவலகத்திலும் சான்று கிடைக்காது.

இனி, சிகிச்சை வகைகளைச் சுருக்கமாகக் காண்போம். ஏனெனில் பெயர்க் குழப்பத்தாலேயே பலர் ஏமாறுகின்றனர்.

தொங்கும் அடிவயிற்றுத் தோலையும் கொழுப்பையும் மட்டும் வெட்டி அகற்றுவது பேனிகுலெக்டமி. அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையைச் சேர்ந்த ஹோவர்டு கெல்லி இத்தகைய அறுவையை 1899-லேயே பதிவு செய்திருக்கிறார். மீண்டும் மீண்டும் புண் வருவோருக்கு முதன்மையாகப் பயன்படுவது இதுவே. அப்டாமினோபிளாஸ்டி இதைவிட விரிவானது. விலகிய வயிற்றுத் தசைகளை இழுத்துத் தைத்து, தொப்புளையும் புதிய இடத்தில் அமைப்பர். இடுப்பைச் சுற்றிலும் தோல் தொங்கினால், முன்னும் பின்னுமாக வட்டமாக வெட்டித் தூக்கும் பெரிய அறுவை தேவைப்படலாம். மேற்கைத் தோலைக் குறைத்தால் அக்குளிலிருந்து முழங்கை வரை தழும்பு நிற்கும். தொடையில் செய்யும் அறுவையில் புண் ஆறுவது தாமதமாகலாம். சிலருக்குக் கால் வீக்கமும் வரும். ஆண்களுக்கு மார்புத் தோலைச் சீராக்கும் அறுவையும் உண்டு. கூச்சத்தால் அதைக் கேளாமலேயே பலர் இருந்துவிடுகின்றனர்.

லைப்போசக்‌ஷன் என்னும் கொழுப்பு உறிஞ்சும் முறை இவற்றுக்கு மாற்றன்று. அது கொழுப்பை எடுக்குமேயன்றித் தளர்ந்த தோலை இறுக்காது. விளம்பரங்கள் இந்த வேறுபாட்டைப் பெரும்பாலும் சொல்வதில்லை. "ஒரே நாளில் புதிய உடல்" என்னும் வாக்குறுதியைக் கண்டால் விலகி நில்லுங்கள். 2022 மே மாதம் பெங்களூருவில் கொழுப்பு அகற்றும் சிகிச்சைக்குச் சென்ற 21 வயது நடிகை ஒருவர் உயிரிழந்த செய்தியை நாடே படித்தது. இது எளிய வேலை என்று எவர் சொன்னாலும் நம்ப வேண்டாம். அறுவை செய்பவர் பிளாஸ்டிக் அறுவை சிகிச்சையில் எம்.சி.எச். அல்லது அதற்கு இணையான தேசிய வாரியப் பட்டம் பெற்றவரா, மயக்க மருத்துவர் உடனிருப்பாரா, அவசர சிகிச்சைப் பிரிவு அதே கட்டடத்தில் உள்ளதா என்று கேளுங்கள். இக்கேள்விகளுக்குச் சினம் கொள்ளும் மருத்துவரிடம் உடலை ஒப்படைக்க வேண்டியதில்லை.

பொறுமையும் இச்சிகிச்சையின் ஒரு பகுதி. எடை குறைப்பு அறுவை செய்துகொண்டவர் பொதுவாக ஓர் ஆண்டு முதல் ஒன்றரை ஆண்டு வரை காத்திருக்க வேண்டும். அதன் முடிவில் எடை மூன்று முதல் ஆறு மாதமேனும் ஏறாமல் இறங்காமல் நிற்க வேண்டும். குழந்தை பெற எண்ணுவோர் வயிற்று அறுவையைப் பிறகு வைத்துக்கொள்வது நல்லது. இரத்தசோகை, புரதக்குறைவு, பி12 குறைவு ஆகியவற்றை முன்கூட்டியே சரிசெய்ய வேண்டும்; சத்தில்லா உடலில் தையல் பிரியும். புகைப்பவர்கள் அறுவைக்கு முன்னும் பின்னும் குறைந்தது நான்கு வாரம் அறவே நிறுத்த வேண்டும். எடை குறைப்பு ஊசி போட்டுக்கொள்வோர் அதை மயக்க மருத்துவரிடம் மறைக்கக் கூடாது; அம்மருந்து இரைப்பை காலியாவதைத் தாமதப்படுத்துவதால், மயக்கத்தின்போது உணவு மூச்சுக்குழலில் புகும் அபாயம் உண்டு.

அறுவைக்குப் பின் தோலடியில் நீர் கோத்தல், தொற்று, தையல் பிரிதல் ஆகியன நேரலாம். காலில் இரத்தம் உறைந்து நுரையீரலுக்குச் செல்வதே நாங்கள் மிகவும் அஞ்சும் சிக்கல். ஆகவேதான், வலித்தாலும் விரைவிலேயே எழுந்து நடக்கச் சொல்கிறோம். பல இடங்களில் அறுவை தேவைப்படுவோருக்குச் சில மாத இடைவெளி விட்டுப் பகுதி பகுதியாகச் செய்வதே பாதுகாப்பானது.

மலைவாழ் குடும்பங்களுக்குத் தனியே சில சொற்கள். வடிகுழாய் எடுக்கும் வரையிலேனும் சேலத்தில் உறவினர் வீட்டிலோ மருத்துவமனைக்கு அருகிலோ தங்குங்கள். புதுத் தையலோடு இருபது கொண்டை ஊசி வளைவுகளில் குலுங்கி ஏறி இறங்குவது வேதனை. 2024 டிசம்பர்த் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழையில் மலைப்பாதையில் மண் சரிந்து போக்குவரத்து தடைப்பட்டதை மறந்திருக்க மாட்டீர்கள். அத்தகைய நாளில் காலில் வீக்கமோ மூச்சுத் திணறலோ வந்தால் கீழிறங்க இயலாது. முடிந்தால் மழைமாதங்களைத் தவிர்த்து நாள் குறியுங்கள். வாரக்கணக்கில் அணிய வேண்டிய இறுக்கு உடையை இரண்டாக வாங்குங்கள். ஒன்று காயும் வரை மற்றொன்று வேண்டும். ஏறத்தாழ ஆறு வாரம் தண்ணீர்க் குடமோ, விறகோ, பழ மூட்டையோ தூக்கக் கூடாது. அந்த வேலைகளை யார் செய்வது என்பதை அறுவைக்கு முன்பே வீட்டில் பேசி முடியுங்கள். பேசாவிட்டால், பத்தாம் நாளே நோயாளி குடம் தூக்குவார் என்பதை அனுபவத்தில் கண்டிருக்கிறோம்.

எல்லோருக்கும் இவ்வறுவை வேண்டும் என்று நான் கூறவில்லை. புண்ணோ வலியோ இல்லாமல், மடிப்பைத் தூய்மையாகவும் உலர்வாகவும் வைத்துக்கொண்டு நிம்மதியாக வாழ்பவருக்கு எந்தக் கத்தியும் தேவையில்லை. தொங்கும் தோலுக்கு ஈடாக நீண்ட தழும்பைப் பெறுகிறோம் என்பதையும் அறிந்தே முடிவெடுக்க வேண்டும். அந்த முடிவு நோயாளியுடையது. கணவரும் மாமியாரும் மருத்துவரும் துணை நிற்கலாம். அவருக்காக முடிவெடுத்தல் ஆகாது.

அன்று அந்த அம்மையாரிடம் நான் நெடுநேரம் விளக்கவில்லை. மருமகளின் சம்மதத்தோடு, கட்டு மாற்றும்போது உடனிருக்கச் சொன்னேன். செவிலியர் மடிப்பைத் தூக்கியபோது அவர் அந்தப் புண்ணை முதன்முறையாகக் கண்டார். ஒரே வீட்டில் வாழ்ந்தும் மருமகள் அதை அவரிடம் காட்டியதில்லை. வெளியே வந்தவர் அழகைப் பற்றி மீண்டும் பேசவில்லை. "எத்தனை நாள் கூட இருக்கணும்?" என்று மட்டும் கேட்டார்.

உங்கள் வீட்டிலும் எடை குறைத்தவர் ஒருவர் இருக்கலாம். அவருடைய துணியளவு குறைந்ததைப் பாராட்டியிருப்பீர்கள். உடம்பில் எங்கேனும் எரிகிறதா, வலிக்கிறதா என்றும் ஒருமுறை கேளுங்கள்.